சிவப்பு முள் காட்டிய மணி

அக்டோபர் 27, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். மாடியில் காய்ந்த வேட்டியை எடுக்க மறந்து மறுபடி நனைந்துவிட்டது. கோமதிக்குச் சஷ்டி விரதம், இன்று கடைசி நாள். அடுப்படியில் சத்தமே இல்லை.

நேற்று நடந்ததை மனம் போன போக்கில் எழுதினால் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன். அதனால் முதலில் குறிப்பு:

1. கைக்கடிகாரம் வந்த விதம்.
2. அதில் உள்ள இரண்டாவது மணி. அரை மணிச் சங்கடம்.
3. வாசுதேவநல்லூருக்குப் பெண் பார்க்கப் போனது.
4. மணிக் கணக்கில் நான் செய்த தப்பு. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த அவமானத்துக்கு அதுவே காரணம்.
5. இனிச் செய்ய வேண்டியது.

1. மகன் சரவணன் ஆனி மாதம் லீவில் வந்தபோது கொண்டுவந்தது. டொரண்டோவில் ஒரு சரக்குக் கிடங்கில் இரவு ஷிப்ட் பார்க்கிறான். கறுப்பு முகம், தூரத்திலிருந்தே தெரியும் வெள்ளை எண்கள், பன்னிரண்டுக்குப் பதில் ஒரு முக்கோணம். திருகு சின்ன வெங்காயம் அளவு. விமானிகள் கையுறையைக் கழற்றாமல் திருக வசதியாக அப்படிச் செய்வார்களாம். நான் விமானத்தில் ஏறியதில்லை. அவனை வழியனுப்ப மதுரை விமான நிலையம் வரை போனதுண்டு. வாசலில் துப்பாக்கிக்காரர் டிக்கெட் கேட்டார். அத்தோடு சரி.

என் மணிக்கட்டு முருங்கைக்காய். அதில் இது.

கோமதி முதல் நாளே, "கையில என்ன, தோசைக்கல்லா?"

அன்றிலிருந்து முழுக்கைச் சட்டை. புதிதாக மூன்று தைத்தேன். கஃப் பட்டனைப் போட்டால் கடிகாரம் உள்ளே போகாது, போடாவிட்டால் கை தொளதொளவென்று தொங்கும். பலசரக்குக் கடையில் இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அதற்கும் கோமதி, "மகன் ஆசையா வாங்கிக் குடுத்தத திருட்டுச் சாமான் மாதிரி மறைக்கிய."

பக்கத்து வீட்டுச் சுப்பையா அண்ணாச்சி ஓய்வு பெற்ற கண்டக்டர். கண்ணுக்கு எதுவும் தப்பாது. "சார்வாள், நம்ம ஆவுடைப் பொய்கைத் தெப்பக்குளத்துல ப்ளேன் எறங்க எடம் காணுமா? பாத்துச் சொல்லும்."

கரண்ட் போய்விட்டது. கோமதி சூரசம்ஹாரம் பார்க்கக் கிளம்பிவிட்டாள். நான் போகவில்லை. யாராவது, "பொண்ணு பாத்திட்டியளா?" என்று கேட்பார்கள்.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். பிரஷர் மாத்திரை தீர்ந்தது.

2. கடிகாரத்தில் நான்காவதாக ஒரு முள், நுனி மட்டும் சிவப்பு. நாளுக்கு ஒரு சுற்று. விளிம்பில் இருபத்து நான்கு வரை எண்கள். வேறு நாட்டு மணி காட்டுவதற்காக. ஆனால் அதை முழு மணி முழு மணியாகத்தான் நகர்த்த முடியும். நம் நாட்டு மணியில் ஒட்டியிருக்கும் அரை மணியை அதற்குச் சொல்லிக் கொடுக்க வழியில்லை. ஆகவே சிவப்பு முள் காட்டுவதில் அரை மணியைக் கழித்தால்தான் டொரண்டோ.

முப்பது வருடம் பூகோளம் நடத்தியவன். நம் நேரத்துக்கான தீர்க்கரேகை "எண்பத்திரண்டரை டிகிரி" என்று வகுப்பு முழுவதையும் சேர்ந்து கத்த வைத்தவன். அந்த அரை டிகிரிக்காரனுக்குத் தன் கையில் உள்ள அரை மணி பிடிபடப் பல நாள் ஆயிற்று. இப்போதும் ஒவ்வொரு முறையும் நாள்காட்டித் தாளின் பின்புறம் கழித்துப் பார்த்துக்கொள்கிறேன்.

யாரிடமும் சொல்லாத ஒன்று: அந்தச் சிவப்பு முள் எனக்குப் பிடிக்கும். காலைக் காப்பியோடு அதைப் பார்ப்பேன். இப்போது அவன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பான். பிறகு சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்வேன்.

3. பெண் பெயர் வித்யா. பார்மசி படித்துவிட்டு வீட்டின் முன்பகுதியிலேயே மருந்துக்கடை வைத்திருக்கிறாள். அப்பா ஆறுமுகத்துக்கு எலுமிச்சைத் தோட்டம். ஜாதகம் பொருந்தியது. படத்தை அனுப்பினோம். சரவணன் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினான். நாங்கள் இருவரும் பெண் வீட்டுக்குப் போவது, அங்கிருந்து வீடியோவில் அவனைக் கூப்பிடுவது, இரண்டு பேரும் பார்த்துப் பேசிக்கொள்வது என்று ஏற்பாடு.

"எந்த நேரம்யா ஒனக்கு வசதி?"

"ஞாயித்துக்கிழமை காலைல ஒம்பது மணிப்பா. ட்யூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்துருவேன்."

அங்கே ஒன்பது என்றால் இங்கே மாலை ஆறரை. ராகுகாலம் ஆறுக்கு முடிகிறது. எல்லாம் தானாகப் பொருந்தி வந்தது. மூன்று தடவை கணக்குப் போட்டேன். உள்ளூரக் கொஞ்சம் பெருமை. நேற்று இதை எழுதக் கை வரவில்லை.

ஞாயிறு. கேசரி, பஜ்ஜி, காப்பி. ஹாலில் பதினைந்து பேர் இருக்கும். முக்காலியில் செம்பு வைத்து அதன்மேல் என் கைபேசியைச் சாய்த்தார்கள். எதிரே நாற்காலி. அந்தப் பெண் பட்டுச்சேலையில் வந்து உட்கார்ந்தாள். நான் மணி பார்த்து அழுத்தினேன்.

மணி அடித்தது. எடுக்கவில்லை.

வீடியோவில் எதிர்ப்பக்கம் எடுக்காதவரை நம் முகம்தான் திரை முழுவதும் தெரியும். எனக்கு அது அதுவரை தோன்றவில்லை. அவ்வளவு பேர் முன்னால் அவள் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் தடவை நெற்றி முடியை ஒதுக்கினாள். இரண்டாம் தடவை எதுவும் செய்யவில்லை. மூன்றாம் தடவை அவளே கையை நீட்டி நிறுத்தினாள்.

ராயகிரியிலிருந்து வந்திருந்த தாய்மாமன்: "மாப்பிள்ள குளிச்சிக்கிட்டு இருப்பாரு. கனடாவுல தண்ணி காய லேட் ஆகும்லா." சிரிப்பு. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "சார்வாள், கையில கட்டியிருக்கது மணி பாக்கவா, சும்மா கனத்துக்கா?"

ஆறுமுகம், "ஏ மச்சான், வாய வச்சிக்கிட்டு சும்மா இரும்." அதட்டினார். ஆனால் அவர் கண்ணும் என் கைக்குத்தான் வந்தது. கஃப் பட்டன் போடாத சட்டை.

பெண்ணின் அம்மா யாரும் கேட்காமலே இன்னொரு சுற்றுக் காப்பி கொண்டுவந்தாள். வித்யா எழுந்தாள். "கடையில ஆளு நிக்கும்பா. நான் போறேன்."

நாங்கள் வெளியே வர அந்தக் கடையைத் தாண்டித்தான் வரவேண்டும். பட்டுச்சேலையோடு ஒரு கிழவருக்கு மாத்திரை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "படியில தண்ணி கெடக்கு சார், பாத்து எறங்குங்க."

அந்த ஒரு வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை. மாமன் பேசியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் வரும்போது சரவணன் கூப்பிட்டான். "அப்பா, இங்க குளிர்காலத்துக்குக் கடிகாரத்த ஒரு மணி பின்னால தள்ளிட்டாங்க. நீங்க ஒரு மணி நேரம் முன்னாலயே கூப்பிட்டுட்டீங்க. நான் வேலைல இருந்தேன்."

"என் தப்புதான்யா," என்றேன். அவன் முடிக்கும் முன்பே சொன்னேன் என்று நினைக்கிறேன். இறங்கியதும் ஆறுமுகத்தைக் கூப்பிட்டு அதையே சொன்னேன். குளிர்காலத்தில் அங்கே மணி மாறும், பூகோள வாத்தியார் நான் அதை மறந்துவிட்டேன் என்று.

அக்டோபர் 29, புதன்

வெயில். கடிகாரத்தைக் கழற்றிப் பீரோவில் கோ.வின் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு வட்டம். அரைக்கைச் சட்டை போட்டேன். வட்டம் தெரிகிறது. மறுபடி முழுக்கை.

சுப்பையா அண்ணாச்சி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "உலகத்துக்கே மணி சொல்லிக் குடுத்த சார்வாளு, மருமவளுக்கு மணி தெரியாமப் போயிட்டாரே வே!"

அவருக்கு யார் சொன்னது? நான்தான். மாத்திரைக் கடையில் சொன்னேன், பால்காரரிடம் சொன்னேன், கோயில் வாசலில் சந்தித்த பழைய தலைமையாசிரியரிடமும் சொன்னேன். கேட்காதவர்களிடமும். தப்பு என்னுடையது என்று சொல்லும்போது எனக்கு ஒரு நிம்மதி வருகிறது. காய்ச்சல் விட்டு வியர்ப்பது போல. இது நல்ல குணமா என்று தெரியவில்லை.

கோ. ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லையே என்று கேட்டதற்கு, "நான் ஒண்ணும் சொல்லலியே," என்றாள்.

அக்டோபர் 30, வியாழன்

மேகமூட்டம். காஸ் சிலிண்டர் வந்தது. வாங்க: நல்லெண்ணெய், சீரகம், பல்பு ஒன்று.

காலையில் ஆறுமுகம் கூப்பிட்டார்.

"சார்வாள், நடந்தது நடந்து போச்சு. மனுசன் மறக்காம இருக்க மிசினா? வார ஞாயித்துக்கிழம வச்சிக்கிடுவோமா?"

"ஒங்க பிள்ளைக்கு..."

"அவ ஒண்ணும் கோவிக்கல. இந்தத் தடவ ஆளுகளக் கூப்பிடாண்டாம், நாம மட்டும் இருப்போம்னு சொல்லுதா. எங்க மச்சானயும் வர வேண்டாம்னுட்டேன்." சிரித்தார்.

அவருடைய பெருந்தன்மை எனக்கு இன்னும் சுருக்கென்றது. புது நேரம்: அங்கே ஒன்பது என்றால் இப்போது இங்கே ஏழரை. ஏழரை என்றே சொன்னேன். கோ. முகம் சுளித்தாள். "போயும் போயும் ஏழரையா?"

சரவணனுக்குச் செய்தி: "ஞாயிறு காலை 9, உனக்கு வசதிதானே?"

பதில்: "பாத்துட்டு சொல்றேன்ப்பா."

அக்டோபர் 31, வெள்ளி

இரவெல்லாம் மழை பெய்து காலையில் விட்டது. சரவணனிடமிருந்து பதில் இல்லை.

கடிகாரத்தை எடுத்துச் சிவப்பு முள்ளை ஒரு மணி பின்னால் தள்ளினேன். சரிபார்க்கலாம் என்று கைபேசியில் டொரண்டோ மணி பார்த்தேன். ஒத்துவரவில்லை. கைபேசி இன்னும் பழைய வித்தியாசத்தையே காட்டுகிறது. அணைத்துப் போட்டேன். அதே.

கைபேசி பழசு. அங்கேயே இருக்கிற பிள்ளை சொல்வதைவிட இதையா நம்புவது? முள்ளை அவன் சொன்னபடியே விட்டேன்.

நவம்பர் 1, சனி

கோ. வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு எந்தச் சேல கட்ட? போன தடவ கட்டுனதையே கட்டுனா நல்லாருக்காது."

"மாம்பழக் கலர்."

"பதில் வந்திட்டா அவங்கிட்டேருந்து?"

"வேலையா இருப்பான்."

கைபேசி இன்றும் பழைய வித்தியாசம். இணையத்தில் தேடினேன். அந்த நாட்டில் மணியைப் பின்னால் தள்ளுவது நவம்பர் மாதத்து முதல் ஞாயிறு என்று போட்டிருக்கிறது. வேறு இடத்தில் பார்த்தேன். அங்கேயும் அதே.

முதல் ஞாயிறு நாளைக்கு.

அவன் இருக்கும் பகுதிக்கு வேறு விதி இருக்கலாம். அவன் கிடங்கில் முன்கூட்டியே மாற்றியிருக்கலாம். நான் வாசித்ததைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம். கோ.விடம் சொல்லவில்லை. பெற்ற மகனைப் பற்றி நினைக்கக்கூடாத ஒன்றை நினைத்துவிட்டேன். மாலையில் நடக்கப் போகவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

நல்ல வெயில். கோ. மாம்பழக் கலர் சேலையைக் கொடியில் உதறிப் போட்டாள்.

அங்கே பின்னிரவு இரண்டு மணிக்கு மாற்றுவார்களாம். இங்கே பகல் பதினொன்றரை. சாப்பாட்டு மேஜையில் கைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டொரண்டோ 1:58. 1:59. பிறகு இரண்டு வரவில்லை. 1:00.

கண் முன்னால் மாறியது. ஆக இன்றுதான். போன ஞாயிற்றுக்கிழமை மாறவில்லை. ஆறரை என்றது சரி. அவன் சொன்ன ஒன்பது மணிக்குத்தான் கூப்பிட்டேன்.

உண்மையை எழுதுகிறேன். எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. கணக்கு சரியாக இருந்தது என்ற மகிழ்ச்சி. ஒரு வாரமாக என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஒவ்வொருவர் முகமும் வந்தது. முக்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் முகம் அதற்கெல்லாம் பிறகுதான் வந்தது. கூசிப்போனேன்.

"கோமதி, அவன் பொய் சொல்லியிருக்கான்."

அவள் அரிவாள்மணையிலிருந்து எழவில்லை. "அவனுக்கு இஷ்டம் இல்ல போல."

"ஒங்கிட்ட சொன்னானா?"

"எங்கிட்ட எங்க சொன்னான்? நீங்க கேட்டியளா?"

"கேட்டேனே."

"எந்த நேரம் வசதின்னு கேட்டிய. பக்கத்துலதான இருந்தேன்." காயை நறுக்கிக்கொண்டே, "நானும் கேக்கலதான்."

சாயங்காலம் மறுபடி அந்த வீட்டுக்குப் போகவேண்டும். மறுபடி செம்பு, நாற்காலி. அவன் எடுக்கமாட்டான். அல்லது எடுத்து, என் முகத்துக்காகச் சரி என்று சொல்லிவைப்பான். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. என் முகத்துக்காகச் சரி சொல்கிறவன்தான் அவன். நானும் என் அப்பாவுக்கு அப்படித்தான்.

கடிகாரம் பார்க்கவில்லை. கூப்பிட்டேன். வேலை நேரத்தில் அவனை நான் கூப்பிட்டதே கிடையாது. உடனே எடுத்தான்.

"அப்பா? என்னாச்சு? அம்மாவுக்கு ஒண்ணும் இல்லயே?"

"ஒண்ணும் இல்ல. ஒனக்கு அந்தப் பிள்ளையக் கட்டிக்கிட இஷ்டமா, இல்லயா?"

பின்னால் ஏதோ வண்டி பீப் பீப் என்று பின்வாங்கும் சத்தம். அது நிற்கும்வரை பொறுத்தேன்.

"இன்னைக்குத்தான் அங்க மணி மாறியிருக்கு, சரவணா. பாத்தேன்."

"...போன் கையிலதான்ப்பா இருந்துது. அடிச்சுக்கிட்டே இருந்துது. எடுக்க முடியல."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"அன்னைக்கு பஸ்ல நீங்க இருக்கும்போது சொல்லணும்னுதான் கூப்பிட்டேன். வாய்ல என்னமோ வந்துட்டு, மணி மாறிட்டுன்னு. நீங்க ஒரு வார்த்த திருப்பிக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஒடனே என் தப்புதான்யான்னுட்டீங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்ல?"

அழுகிறானோ என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சினான். குளிராகவும் இருக்கலாம்.

"வேற யாரும் இருக்காவளா?"

"அப்படில்லாம் இல்லப்பா. இப்ப வேண்டாம்னு இருக்கு. அவ்வளவுதான்."

"சரி. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

வைத்துவிட்டான். கோ. சேலையைக் கொடியிலிருந்து எடுத்து மடித்தாள்.

பிறகு ஆறுமுகம். ஜாதகத்தில் இன்னொருவர் தோஷம் சொன்னார் என்று சொல்லிவிடலாம். ஊர் வழக்கம் அதுதான். இரண்டு பக்கமும் நம்பாது, இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளும், யாருக்கும் குறைவில்லை. அந்த வாக்கியத்தைத் தாளில் எழுதிக்கூட வைத்துக்கொண்டேன். அவர், "சொல்லுங்க சார்வாள், கெளம்பிட்டியளா?" என்றதும் தாளைப் பார்க்க முடியவில்லை.

மகனுக்கு விருப்பம் இல்லை என்றேன். அன்று மணி மாறவில்லை, அவன் வேண்டுமென்றே எடுக்கவில்லை, உங்கள் பெண்ணை உட்கார வைத்தது நாங்கள் செய்த அநியாயம் என்றேன். அவன் மனதைக் கேட்காமல் பெண் பார்க்கக் கிளம்பியது நான் என்றும் சொன்னேன்.



"தோஷம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா கௌரவமா முடிஞ்சிருக்கும் சார்வாள்."

"ஆமா."

"இப்ப பிள்ளைட்ட நான் என்னன்னு சொல்ல?"

பின்னால் அவள் குரல். "யாருப்பா, சங்கரன்கோவில் சாரா? குடுங்க." அவர் ஏதோ தடுத்தார். போன் கை மாறியது.

"சார், நான் வித்யா. அப்ப அன்னைக்கு நேரம் சரிதானா?"

"சரிதாம்மா."

"நாங்கதான் நேரத்த மாத்த வச்சிட்டோமோ, நான் அப்பாட்ட ராகுகாலம் முடியட்டும்னு சொன்னதாலதான் கணக்கு தப்பிட்டோன்னு ஒரு வாரமா மண்டையக் கொழப்பிட்டு இருந்தேன்." கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். இருங்க என்றாள். "சரி சார். நீங்க தப்பு பண்ணல. பொறவு எதுக்கு ஒங்க தப்புன்னு ஊரெல்லாம் சொன்னிய?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை, ஆள் நிற்கிறது என்று வைத்துவிட்டாள்.

மத்தியானம் புளிக்குழம்பு. இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

27-ஆம் தேதி எழுதிய குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். நான்காவது குறிப்பு தவறு. மணிக் கணக்கில் தப்பு இல்லை. அது எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும், அவன் சொன்னதும் கைபேசியில் டொரண்டோ மணியை ஒரு தடவை பார்த்திருந்தால். நான் பார்க்கவில்லை.